பிச்சைமுத்து அண்ணன் கறக்காத பால்

நிபோங் திபால், பினாங்கு
மார்ச் 8, ஞாயிறு

என் அன்பு மகள் சுபாஷினிக்கு அம்மா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் தயவில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சோறு தின்று, அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தரம் முகம் பார்த்துப் பேசுகிறோம், இது என்ன திடீரென்று கடுதாசி என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதை நம்பிக்கொண்டு மேலே படி. போனில் உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு பக்கம் போய்விடுகிறது. மூன்று தரம் சொல்ல நினைத்தேன், மூன்று தரமும் பசாரில் கெம்போங் மீன் விலை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். காகிதம் திரும்பிக் கேள்வி கேட்காது. அதனால்தான் உன் பழைய நோட்டில் மிச்சம் இருந்த தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கால் புண் ஆறிவிட்டது. சர்க்கரை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, நான் கொல்லைப்பக்கம் போனால் பிஸ்கட் டின் திறக்கும் சத்தம் கேட்கிறது. உன் அண்ணன் குணாளனுக்குப் பிறை தொழிற்சாலையில் வேலை நேரம் மாறிவிட்டது, இப்போது காலையில் போய் மாலையில் வருகிறான். மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகாதே என்றால் நானா போகிறேன், லாரிக்காரன் பின்னால் துரத்துகிறான் என்கிறான். அவனுக்கு ஜுருவில் இருந்து ஒரு பெண் ஜாதகம் வந்திருக்கிறது, கார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற பெண், படத்தில் நல்ல களையாக இருக்கிறாள். உன்னைப் பற்றியும் கேட்டார்கள், என் மகள் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று சொல்லிவிட்டேன், கோபிக்காதே. இன்னொன்று, அப்பா பால் டீ குடிப்பதை விட்டுவிட்டார். ஒரு மாதமாகப் பால் இல்லாத தே ஓ தான். சர்க்கரைக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, அந்தத் தே ஓவில் இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடிக்கிறார். நான் கறந்து கொண்டுவரும் பாலை அவர் தொடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டம்ளரை மட்டும் தள்ளி வைத்துவிட்டார். முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் என்னை இவ்வளவு அடித்ததில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு ஜோர்ஜ் டவுனில் இருந்து அர்ஜுனன் ஆட்கள் பாலுக்குச் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். டத்தோ கிராமாட் பக்கம் அவர் வீட்டில் இருந்துதான் அவர்கள் கூட்டம் வருஷா வருஷம் பால்குடம் தூக்குகிறது. இத்தனை வருஷம் கெடா மாநிலத்துக்காரர் ஒருவரிடம் வாங்கினார்கள், இந்த வருஷம்தான் முதல் தடவையாக நம்மிடம் வந்தார்கள். முப்பது குடத்துக்குப் பால். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் நியூசிலாந்தில் பால் பண்ணையில் படித்த வேலை பார்க்கிறாள், அவள் வாங்கிக் கொடுத்த மெஷினில்தான் கறக்கிறேன், கைபடாத பால் என்று அர்ஜுனனிடம் அளந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் நம் கொட்டகையில் மாடு கறந்து கொடுக்கிற பிச்சைமுத்து அண்ணனுடைய கூடப்பிறந்த அண்ணன் பாயா தெருபோங்கில் இறந்துபோனார். தைப்பூசத்துக்குச் சரியாகப் பதினோரு நாள் இருந்தது. கூடப்பிறந்தவர் சாவு, பதினாறு நாள் தீட்டு. சாவு வீட்டுக்குப் போய் வந்த கையோடு நானே அவரிடம் சொன்னேன், அண்ணே, இது சாமிக்குப் போகிற பால், காரியம் முடிகிற வரைக்கும் நீங்கள் கொட்டகைப் பக்கம் வர வேண்டாம் என்று. அண்ணனை எரித்துவிட்டு வந்து நிற்கிற மனிதரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டிய முறையே வேறு. அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “சரி தங்கச்சி, ஆனா பேபி மாட்டுக்குக் காம்பு நுனி லேசா சொரசொரன்னு இருக்கு, அதுக்கு மட்டும் மிஷினு போடாத, கையால கற” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தலையை ஆட்டினேன். கையால் கறந்தால் நேரம் ஆகும், ஐந்து மாடு, ஒற்றை ஆள். அன்று மாலையே பேபிக்கு மெஷினைத்தான் போட்டேன்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் உள்ளதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன், தலைகீழாக. மெஷின் இழுவையைக் காட்டும் முள் நாற்பத்திரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாய், சீக்கிரம் முடியட்டும் என்று ஐம்பதைத் தாண்டித் திருகி வைத்தேன். மடியைத் துடைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் பால் சுரந்த பிறகுதான் குழலை மாட்ட வேண்டும் என்றாய், வந்த வேகத்தில் வெறும் காம்பில் மாட்டினேன். பால் நின்றதும் எடு, வெறும் காற்றை இழுத்தால் காம்பு நுனி வெளியே பிதுங்கிவிடும் என்றாய், நான் மாட்டிவிட்டுப் போய் இன்னொரு மாட்டுக்குப் புல் போட்டு, கேனைக் கழுவி, ஆற அமரத் திரும்பி வந்தேன், மிச்சம் இருக்கிற சொட்டையும் அது இழுத்துக்கொள்ளட்டும் என்று. குழலுக்குள் இருக்கும் ரப்பரை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லி இரண்டு செட் வாங்கி வைத்தாயே, அது இன்னும் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் பிரிக்காமல் இருக்கிறது. நல்ல பொருளைக் கெட்டுப்போகும் வரைக்கும் பத்திரமாக வைப்பதுதானே என் வழக்கம். பழைய ரப்பர் உள்ளே வெடித்து, விரல் விட்டால் நகம் மாட்டுகிறது. கறப்பதற்கு முன்னால் நாலு பீய்ச்சு கறுப்புக் கிண்ணத்தில் விட்டுத் திரித்திரியாகக் கட்டி இருக்கிறதா பார் என்றாய். சாமி பாலைத் தரையில் சிந்துவதா என்று அதையும் விட்டேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கறந்து முடித்ததும் காம்பை முக்கி எடுக்க நீ வாங்கி வைத்த அந்தப் பழுப்பு அயோடின் மருந்து, அதை நான் தூக்கி மேலே வைத்துவிட்டேன். விரதக்காரர்கள் தலையில் சுமக்கிற பாலில் மருந்து வாடை வரலாமா என்று எனக்குத் தோன்றிவிட்டது. கறந்த பிறகு போடுகிற மருந்து, அடுத்த வேளை துடைத்துவிட்டுத்தானே கறக்கிறோம் என்று நீ ஆயிரம் தரம் சொன்னது அப்போது மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, கடையில் இருந்து புது மஞ்சள் துணி ஒன்று வாங்கி, அதிலேயே முக்கி முக்கி ஐந்து மாட்டுக்கும் மடி துடைத்தேன். ஒரே வாளி, ஒரே துணி. பக்தியாக, வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு, பேபி மடியில் இருந்த கிருமியை எடுத்து மற்ற மாடுகளுக்குப் பூசினேன். கொட்டகையை நாளைக்கு மூன்று தரம் கழுவிவிட்டேன். தரை காயவே இல்லை. கறந்தவுடன் காம்பு வாய் திறந்துதான் இருக்கும், அரை மணி நேரமாவது நிற்க வை, புல் போட்டு ஏமாற்றி நிற்க வை என்று எழுதியிருந்தாய். களைத்துப்போன மாடுகள் அந்த ஈரச் சிமிண்டில் உடனே படுத்தன. நானும் சுத்தமான தரைதானே என்று விட்டுவிட்டேன். எட்டாம் நாள் பேபி உதைக்க ஆரம்பித்தது. பால்குடி வயதில் இருந்து உன் கையில் பாட்டில் பால் குடித்து வளர்ந்த மாடு, ஒரு நாள் காலைத் தூக்கியதில்லை. அது ஏன் உதைக்கிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பின்னங்காலைக் கயிற்றால் கட்டிவிட்டு மெஷினை மாட்டினேன். அது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது, பாப்பா.

தைப்பூசத்தன்று காலை ஏழு மணிக்கெல்லாம் குணாளன் காடி வண்டியில் பாலை ஏற்றிக்கொண்டு நாங்கள் அர்ஜுனன் வீட்டில் இருந்தோம். வாசல் முழுக்க மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக ஜனம். குடங்களை வரிசையாக வைத்து, அர்ஜுனன் பெஞ்சாதி வெள்ளைத் துணியைக் கட்டி வடிகட்டப் பாலை ஊற்றினாள். துணியில் கட்டி கட்டியாகத் திரி நின்றது. சரி, குலுங்கி வந்ததில் வெண்ணெய் திரண்டிருக்கும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேனில் சிவப்பாக ஒரு கோடு வந்து துணியில் பரவியது. ரத்தம். எல்லோரும் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த ஒரு பெண், பிள்ளை வரத்துக்காக முதல் தடவையாகக் குடம் எடுக்கிறவள், அந்தத் துணியைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். என் மேல் யாரும் கோபப்படவில்லை, அதுதான் வினை. அர்ஜுனன் மெதுவாகத்தான் கேட்டார், “என்னக்கா, ஏதும் தீட்டு கீட்டு பட்டுருச்சா?” என்று. அவர் கேட்டதும் எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. நான் ஒரு நொடி யோசித்திருந்தால் நுழைந்திருக்க மாட்டேன். யோசிக்கவில்லை. “எங்ககிட்ட கறக்கிற அண்ணனுக்கு அண்ணன் செத்து பன்னெண்டு நாள்தான் ஆவுது, வராதீங்கன்னு சொல்லியும் கேக்காம வந்து மாட்டத் தொட்டுட்டாரு” என்று என் வாயால் சொன்னேன். பின்னால் குணாளன் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், அந்தப் பதினோரு நாளும் அவர் வாசல் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று. அவனும் வாயைத் திறக்கவில்லை, அம்மாவை எப்படி விட்டுக் கொடுப்பது என்று இருந்திருப்பான். கடையில் பாக்கெட் பால் வாங்கிக் குடங்களை நிரப்பினார்கள். சே, அந்த மனுஷனுக்கு அறிவில்லையா என்று நாலு பேர் பேசினதைக் கேட்டுக்கொண்டு நான் காலி கேன்களை அடுக்கினேன். நாங்கள் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வருவதற்கு முன்னால் சேதி வாட்சப்பில் நிபோங் திபாலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் நீ போன் செய்து பேபியைக் காட்டச் சொன்னாய். மடி கல் மாதிரி வீங்கி இருந்தது. காம்பு ஏன் இப்படி இருக்கிறது, யார் கறந்தது, எப்படிக் கறந்தது என்று குடைந்து குடைந்து கேட்டாய். நான் உன்னிடமும் அதையே சொன்னேன், மெஷினை நிறுத்திவிட்டுப் பிச்சைமுத்து மாமாதான் கட்டை விரலை மடக்கிக் கறந்தார் என்று. ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது. அன்றைக்கே அவர் வந்தார், காரியம் முடித்து, தலை முழுகி, பேபியைப் பார்க்கலாம் என்று தோளில் துண்டோடு வந்து நின்றார். நீ இன்னும் லைனில்தான் இருந்தாய். “மாமா, விரல மடக்கி இழுத்தா காம்பு உள்ள நசுங்கிப் புண்ணாவும்னு உங்களுக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் கறக்கிறீங்க, இப்படியா செய்வீங்க” என்று நீ கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? நீ கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அழுகிற குரலில் கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். அவர் வாழ்நாளில் விரலை மடக்கிக் கறந்ததில்லை என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும், முழுக்கையால் பிடித்து மேலிருந்து கீழே அழுத்துவார், மாடு அசை போட்டுக்கொண்டு நிற்கும். அவர் உன்னிடம், “சரி பாப்பா, இனிமே தொடமாட்டேன்” என்று மட்டும் சொன்னார். பேபி முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் நம் கொட்டகைக்கு வரவில்லை. நீ போன வாரம் மாமா எங்கே என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொன்னேனே, அதுவும் பொய்தான், கணக்கில் சேர்த்துக்கொள்.

நாலு நாள் கழித்துக் கால்நடை இலாகாவில் இருந்து டாக்டர் வந்தார், இளவயது மலாய்க்காரர், நல்ல பொறுமைசாலி. காம்பைக் கையில் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். காம்பு வாயைச் சுற்றி வெள்ளையாகத் தடித்து, பிய்ந்த நார் மாதிரி சுற்றிலும் நீட்டிக்கொண்டு இருந்தது. இரண்டு மாட்டுக்கு அப்படி, பேபிக்கு நாலு காம்பிலும் அப்படி. இப்படி வாய் கெட்டுப்போனால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி, உள்ளே போனது மடி நோய் ஆகிவிட்டது என்றார். மாச்சிக், அத்தை என்று மரியாதையாகக் கூப்பிட்டு, கையால் கறந்து இப்படி ஆகாது, இது மெஷின் செய்த வேலை என்றார். பிறகு போய் அந்த முள்ளைப் பார்த்தார், ரப்பரைக் கழற்றிப் பார்த்தார், வாளியில் ஊறிக்கொண்டிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். மெஷினை யார் போடுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். இந்த ஒரு மாதத்தில் அதுதான் நான் முதன்முதலில் சொன்ன உண்மை, அதுவும் ஒரு முன்பின் தெரியாத ஆளிடம். காம்புக்குள் ஏற்ற மருந்துக் குழாய் கொடுத்தார், பாலில் இருந்து மருந்து போகிற வரைக்கும் அதை விற்கக் கூடாது, யாரும் குடிக்கவும் கூடாது என்றார். தினமும் இரண்டு வேளையும் கறந்து சாக்கடையில் ஊற்றினேன். மற்ற இரண்டும் தேறிவிட்டன. பேபிக்குப் பின்பக்கம் வலது காம்பு செத்துவிட்டது, இனிமேல் அதில் பால் வராதாம். இன்னொன்றில் பாதி வருகிறது. உன்னிடம் தேறிவிட்டது என்று சொன்னேன், அது முழுதாகத் தேறவில்லை.

டாக்டர் போன மறுநாளே நான் பிச்சைமுத்து அண்ணன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு அமாவாசை என்று தள்ளினேன். அதற்குள் அவருக்கு நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்விப்பட்டேன். பைராம் தோட்டத்தில் இரண்டு வீட்டுக்குக் கறந்துகொண்டு இருந்தார், அவர்கள் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். தோட்டத்துக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு முதல் குடம் பால் வருஷா வருஷம் அவர் கறந்து கொடுப்பதுதான், இந்த வருஷம் நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் யாரிடமும் போய் நான் இல்லை என்று சொல்லவும் இல்லை. போன வியாழக்கிழமை போனேன். அவர் பெஞ்சாதி வடிவம்மாள் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டார், ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. உனக்குத் தெரியும், அந்த வீட்டில் தபால்காரருக்குக்கூட மைலோ கலக்காமல் அனுப்ப மாட்டார்கள். அண்ணன் இப்போது ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் புல் வெட்டுகிறார், காண்ட்ராக்ட் வேலை. அறுபத்தொரு வயதில் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நான் முடிக்கிற வரைக்கும் கேட்டார். பிறகு, “எங்கிட்ட எதுக்கு தங்கச்சி சொல்றீங்க, நான் கறக்கலன்னுதான் எனக்கே தெரியுமே” என்றார். அர்ஜுனன் வீட்டுக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் அண்ணே என்றேன். “நான் இல்லாதப்பதான சொன்னீங்க, நான் இல்லாதப்பவே போயி சொல்லுங்க” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திரும்பி வாருங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். நான் செருப்பை மாட்டும்போதுதான் ஒன்று சொன்னார். “ஊரு என்ன நினைச்சாலும் போவுது லா. பாப்பா மட்டும் என்னைய அப்படி நினைக்கக் கூடாது. அதுகிட்ட சொல்லிருங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்ஜுனன் வீட்டில் பூஜை, அதே ஜனம் வரும் என்று தெரிந்து குணாளனைக் கூட்டிக்கொண்டு போனேன். தீபாராதனை முடிந்து பிரசாதம் கொடுக்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். கறந்தது நான், மெஷினை ஏற்றி வைத்தது நான், மருந்தை விட்டது நான், ஒரே துணியால் எல்லா மாட்டையும் துடைத்தது நான், அந்த அண்ணன் பதினோரு நாளும் என் வீட்டுக்கே வரவில்லை என்று சொன்னேன். அர்ஜுனன், “விடுங்கக்கா, நடந்தது நடந்துருச்சு, சாமி மன்னிப்பாரு லா” என்றார். அன்று அழுத அந்தப் பெண் மட்டும் விடவில்லை. “நாங்க வீட்டுக்கு வீடு அந்த மனுஷன ஏசினோமே அக்கா, அந்தப் பாவத்த எங்க கொண்டுபோய் கழுவுறது” என்று கேட்டாள். பொய் எந்த வாட்சப்பில் போனதோ அதிலேயே போகட்டும் என்று என் குரலிலேயே பேசி அனுப்பச் சொன்னேன், குணாளன்தான் போனைப் பிடித்தான். திரும்பி வரும்போது பாலத்தில் அவன் நானும்தானேம்மா சும்மா நின்றேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். தோட்டத்துக் கோயில்காரர்களிடமும் நேரில் போய்ச் சொன்னேன். யோசிக்கிறோம் என்றார்கள். வாய்க்கு வந்த சொல்லை அனுப்ப ஒரு நிமிஷம் ஆகிறது, திரும்பக் கூப்பிட்டால் அது வருவதில்லை.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், கடைசியாக நீதான் பாக்கி. உன்னிடம் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஊர் முன்னால் நான் ஒரு நாள் தலைகுனிந்தேன், முடிந்தது. நீ இனிமேல் போனில் என்ன கேட்டாலும், இது உண்மைதானாம்மா என்று ஒரு நினைப்பு உன் முகத்தில் ஓடும், அதை நான் தினமும் பார்க்க வேண்டும். அதை நானாகத் தேடிக்கொண்டேன். உன் படிப்பை வைத்து ஊரில் பெருமை அடித்தேன், அந்தப் படிப்பையே ஒரு பாவப்பட்ட மனிதரை அடிக்கக் கம்பாக உன் கையில் கொடுத்தேன். நீ கேட்டது ஒன்றும் உன் தப்பு இல்லை, அம்மா சொன்னதை நம்பிக் கேட்டாய். ஆனால் பாப்பா, இனிமேல் யார் சொன்னாலும், பெற்ற தாயே சொன்னாலும், மாட்டையும் பார், மெஷினையும் பார், அப்புறம் ஆளைக் கேள். இந்தக் கடுதாசி கையில் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவருக்குச் செய். அவரிடம் நல்ல போன் இல்லை, வடிவம்மாள் அக்கா நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் வேலை முடிந்து வந்திருப்பார். எனக்காகப் பரிந்து பேசாதே, திரும்பி வரச் சொல்லி நீயும் கேட்காதே, அது அவர் இஷ்டம். உன் கோபம் எவ்வளவு நாள் இருக்குமோ இருக்கட்டும், நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

மெஷினை நிறுத்திவிட்டேன், புது ரப்பர் மாட்டி, முள்ளைச் சரிபார்த்த பிறகுதான் தொடுவேன், அதுவரை கையால்தான். ஒரு மாட்டுக்கு ஒரு துணி, கறந்ததும் அயோடின், தரை காய்ந்த பிறகுதான் படுக்கை. அங்கே குளிர் ஆரம்பிக்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ராத்திரிச் சோற்றை ரொட்டியோடு முடித்துவிடாதே. அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். முருகன் உன்னை நூறு வருஷம் நல்லபடியாக வைத்திருக்கட்டும், என் வாயால் உனக்கு வந்த குறை என்னோடு போகட்டும். மறந்துவிடாதே, முதல் போன் அவருக்கு.

இப்படிக்கு,
அந்தப் பதினோரு நாளும் மாட்டைத் தொட்ட ஒரே ஆள்,
உன் அம்மா
புஷ்பவள்ளி ராமதாஸ்